அறைக்குள் திட்டினால் இழிவு இல்லையா?

கருப்புடையார் வழக்கில் 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். பட்டா விவகாரமாக வந்தவர் தன்னைச் சாதி சொல்லித் திட்டினார் என்பது திருச்சி மாவட்ட வருவாய்த்துறை ஊழியர் ஒருவரின் புகார். நடந்தது அலுவலக அறைக்குள். சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று புகாரிலேயே இருந்தது. ஆகவே அது 'பொதுமக்கள் பார்வையில் உள்ள இடம்' அல்ல என்று வழக்கை ரத்து செய்துவிட்டார்கள்.

எழுத்துப்படி தீர்ப்பில் குறை சொல்வது கடினம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் சட்டம் எதற்காக வந்ததோ, அதை வைத்துச் சொல்லுக்குப் பொருள் காண்பதும் நீதிபதிகளின் வேலைதான். 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அதைச் செய்தார். டிரைவர் ஒருவர், வீட்டு வாசலில் நின்ற கார் அருகே இழிவுபடுத்தப்பட்டார். பொது இடம் வேறு, பொதுப் பார்வையில் உள்ள இடம் வேறு. தனியார் வாசலானாலும் பிறர் பார்க்க முடிந்தால் குற்றமே என்றது தீர்ப்பு. சாதிப் பெயரைத்தானே சொன்னோம் என்ற சமாளிப்பும் எடுபடவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டிவனம், மயிலம், வானூர் பக்கம் ஒருவரை எங்கே வைத்துத் திட்டுவார்கள்? வி.ஏ.ஓ. அலுவலகத்தில், தலைமையாசிரியர் அறையில், ஆண்டை வீட்டுத் தாழ்வாரத்தில். சுற்றி நிற்பவர்கள் திட்டுபவரின் ஆட்கள். உறவினர், நண்பர் மட்டும் இருந்தால் அது பொதுப் பார்வை ஆகாது என்று ஸ்வரண் சிங் தீர்ப்பே சொல்கிறது. உரிமை கேட்பவர்களை ஆதிக்கச் சக்திகள் மிரட்டி ஒடுக்குகின்றன என்பதுதான் 1989இல் இச்சட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். மிரட்டுவதற்கு வேடிக்கை பார்ப்பவர்கள் எதற்கு? கதவைச் சாத்தினால் பயம் கூடத்தான் செய்யும். சட்டத்தின் நோக்கத்தை இந்த இடத்தில் நீதிமன்றம் பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

இது மாறும்வரை புகார் எழுதும் முதல் நாளே கவனம் வேண்டும். (ஸ்டேஷனில் இன்னமும் 'பிசிஆர் கேஸா?' என்றுதான் கேட்பார்கள், அது கிடக்கட்டும்.) கதவு திறந்திருந்ததா, மனு கொடுக்க வந்த வேறு யார் அங்கே நின்றார்கள், யார் காதில் விழுந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 'அங்கிருந்தவர்கள்' என்று மொட்டையாக விடாதீர்கள். கொலை மிரட்டலோ அடியோ சேர்ந்து நடந்திருந்தால் 3(2)(விஏ) பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பொதுமக்கள் பார்வை என்ற நிபந்தனை கிடையாது.