மூத்தோரும் சிறாரும் செல்லும் கடலுலா

பாடசாலை விடுமுறை வந்ததும் நம்மவர் பலர் வான் அமர்த்திக்கொண்டு திருகோணமலைக்குப் புறப்படுவர். பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அதில் இருப்பர். ஆயினும் பயண ஒழுங்கை வகுப்போர் இடைத்தலைமுறையினரே. கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாத்தீவு, சந்தை என அனைத்தையும் ஒரு பகலுள் அடைத்துவிடுகின்றனர். ஈற்றில் முதியோர் மரநிழலிலே பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலிருக்கின்றனர். இதனை உலா என்று கூற என் மனம் இசையவில்லை.

பாட்டியால் நோவின்றி நடக்கக்கூடிய தூரமே அந்நாளின் அளவுகோலாதல் வேண்டும் என்பது என் துணிபு. அவ்வாறாயின் காலையிற் கோயில், மாலையிற் கடற்கரை, இவ்விரண்டுமே சாலும்.

வெயில் ஏறுமுன் கோட்டை வாயிலினூடாக மெல்ல ஏறுக. அங்கு உலவும் புள்ளிமான்களைக் கண்டு சிறுவர் தாமாகவே நின்றுவிடுவர். பாட்டிக்கும் இளைப்பாற அவகாசம் கிடைக்கும். சுவாமிமலை உச்சியிற் பேச்சுக்குக் குறைவில்லை. சம்பந்தர் இத்தலத்தைப் பாடியதையும், 1624 இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்ததையும் பாட்டன் சொல்வார். பதிகம் முழுவதையும் மனனமாக ஓதவல்ல முதியோர் இன்னும் நம்மிடை உளர். அடுத்த விடுமுறைக்கும் அவர் இம்மேட்டில் ஏறுவார் என்று யார் உறுதி கூறுவார்? 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இம்மலையடிக் கடலுள் கோயிலின் இடிபாடுகளைக் கண்டமையைப் பேரன் பாட்டனுக்குச் சொல்லட்டும். அவ்வேளையில் தந்தையார் கைக்கடிகாரத்தைப் பாராதிருப்பாராக!

நண்பகலில் எங்கும் அலையவேண்டா. கச்சான் வீசும் ஆனி, ஆடியிற் கடல் அடங்கியிருப்பினும் வெயில் சுடும். வாடைக்காலத்திலோ கடல் கொந்தளிக்கும். சிறுவரை நீரில் இறக்கலாகாது.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்றார் தொல்காப்பியர். ஞாயிறு சாயும் பொழுது என்பதே அதற்குப் பெருவழக்கான உரை. (உரைப்பூசலை வகுப்பறைக்கு விடுவோம்.) கீழ்க்கரையாகிய இங்கே ஞாயிறு நகரின் பின்னே இறங்க, டச்சுக்குடா மணலின் வெம்மை தணியும். சிப்பி பொறுக்கும் பேத்தி பாட்டியின் மடியை நிரப்புதற்கு அதுவே தக்க நேரம்.

கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் விடுவதா எனச் சிலர் வினவுவர். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடமென்பது ஐதிகமாதலின், முதியோர் பலர்க்கு அதன்மேல் விருப்பம் மிகுதி. பாட்டன் விரும்பிக் கேட்டால் அங்கேயே செல்க. ஆனால் மூன்றாவதாகச் சேர்க்காமல் வேறொன்றைக் கைவிட்டுச் செல்க. பைகளுக்கு அன்று தந்தையார் காவலிருக்கட்டும்.