விலாசப் புத்தகம் யாருடையது?

உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் லிங்க்ட்இன் என்ற பெயரை அறியாதார் சொற்பமே. தொழில் செய்வோரையும் தொழில் தேடுவோரையும் அறிமுகம் செய்துவைக்கும் இந்த இணையச் சேவை 2003-ம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. நல்ல காரியந்தான். ஆனால் ஆள் சேராத சந்தையில் கடை விரிப்பார் யார்? வந்தவர் ஒவ்வொருவரும் மேலும் பலரை அழைத்து வந்தாலன்றி இத்தகைய சேவை பிழைப்பதற்கில்லை.

அந்த அழைப்பு நடந்த விதத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அங்கத்தினர் தமது மின்னஞ்சலிலுள்ள விலாசங்களைக் காட்ட இசைந்தால், அவற்றுக்கு அவர் பெயரால் அழைப்புச் செல்லும். பதில் வராவிடில் அதே பெயரில் ஒரு நினைவூட்டல்; பின்னும் ஒன்று. விலாசப் புத்தகத்தில் இருப்பவரெல்லாம் சிநேகிதரா? வீட்டு வைத்தியர் இருப்பார். கடன் கொடுத்தவர் இருப்பார். சம்பந்தம் பேசி முறிந்துபோன இடத்தாரும் இருப்பார். ஒரு முறை அழைப்பது மரியாதை. மூன்று முறை அழைத்தால், "பாவம், இவருக்கு வேலை போய்விட்டது போலும்!" என்றல்லவா எண்ணுவார்கள்?

அங்கத்தினர் சிலர் 2013-ல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். முதல் அழைப்புக்குச் சம்மதம் இருந்தது, பின்தொடர்ந்த இரண்டுக்கும் இருந்ததாகக் கொள்வதற்கில்லை என்று கருதிய நீதிபதி, 2014-ல் வழக்கை மேலே நடத்த அனுமதித்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி 2015-ல் 1 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மறு வருஷமே மைக்ரோஸாப்ட் கம்பெனி 2,620 கோடி டாலருக்கு அதை விலைக்கு வாங்கியது. இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அழைப்புகளால் நஷ்டமடைந்தவர் யார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

2012-ல் கடவுச்சொற்கள் களவு போன கதை வேறு. அது திருடர் செய்தது. நாம் இங்கே பேசுவது காவற்காரர் செய்ததை.

வழக்காடியவர்களாவது அங்கத்தினர்கள். புத்தகத்தில் விலாசம் இருந்த ஒரே காரணத்தால் கடிதம் பெற்றவரை யார் கேட்டார்கள்? அங்கத்தினரே அல்லாத சுமார் 1 கோடியே 80 லட்சம் பேரின் மின்னஞ்சல் விலாசங்களைக் கொண்டு, பேஸ்புக்கில் அவர்களுக்கு விளம்பரம் காட்டப்பட்டதை அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் 2018-ல் வெளியிட்டனர். 2024-ல் அதே அதிகாரிகள், தக்க சம்மதமின்றி அங்கத்தினர் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 31 கோடி யூரோ அபராதம் விதித்தனர். இம்முறை தொகை சற்றுப் பெரிது.