மூச்சுத் திணறிய யந்திரம்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிடும் சிநேகிதர் ஒருவரின் கிணற்று ஆயில் என்ஜின், பழைய யந்திரம், சீல்களின் வழியே எண்ணெயைக் கக்கிற்று. ரிங்குகள் தேய்ந்தன, முழுவதும் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அவருடைய மனைவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் புறப்படத் தயாராயின.

சற்றுப் பொறுக்கச் சொன்னேன். எரிந்த வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் சிறிது இறங்குவது எந்த என்ஜினுக்கும் இயல்பே. அது வெளியேறத்தான் பிரீதர் என்னும் மூச்சுக்குழாய். அது அடைபட்டால், ரிங்குகள் நன்றாயிருந்தும் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைத் தள்ளும். கழற்றினோம்; கசடு களிமண்ணாய் இறுகியிருந்தது! கழுவி மாட்டியதும் கசிவு நின்றது.

ஆனால் பிரீதரில் புகை குபுகுபுவென்றே வந்தது. என்ஜினை நிறுத்தி, சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினோம். தடை முன்னைவிட மிகுந்தது. ஆகவே குற்றம் வால்வில் அன்று, ரிங்கில்தான். மெக்கானிக் சொன்னதிலும் பாதி மெய்! பூப்பருவம் கழிந்து ரிங்குகளை மாற்றுவதாக ஏற்பாடு. வளையல்கள் அம்மையார் கையிலேயே இருக்கின்றன.