முகம் கொடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்

மகேந்திர சிங் தோனி, போக்கர்ஸ்டார்ஸ் இந்தியாவின் விளம்பரத் தூதராக இருந்தவர். ஷாஹித் கபூர், போக்கர்பாஸிக்கு முகம் கொடுத்தவர். கிறிஸ் கெயில் அட்டா52 நிறுவனத்துக்காக வந்து நின்றார். இவர்களுக்குப் பின்னால் கம்பெனிப் பட்டை தைத்த சட்டையோடு, 'டீம் புரோ' என்ற பெயரில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு வரிசை நின்றது. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு, ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனையையும் அந்தச் சட்டம் தடுத்தது. கம்பெனிகள் கடையை மூடின. ஆனால் 'வா, ஆடு' என்று ஊர் ஊராக அழைத்த அந்த முகங்களிடமிருந்து, 'அழைத்தது தவறு' என்று ஒரு வார்த்தை நம் ஊருக்கு வந்து சேரவில்லை. இதைக் கண்டிக்கிறோம். திருத்தம் கேட்கிறோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்து ஒற்றசேகரமங்கலத்துக்கும் போக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தம் உண்டு. இது சூதாட்டக் கப்பல்கள் நிற்கும் கோவா அல்ல. ரப்பரும் மரச்சீனியும் நெய்யாற்றங்கரைத் தோப்புகளுமாக இருக்கும் மலையோரக் கிராமம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்கள், ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் விற்ற காசைக் கணக்குப் பார்த்து வைக்கிற வீடுகள். இந்த வீடுகளில் யாருக்கும் மும்பை நடிகர் நேரில் பழக்கமில்லை. தோனியைத் தெரியும். சென்னை ஆடும் நாளில், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போலவே இந்தப் பக்கமும் டிவி முன்னால் பிள்ளைகள் கூடுவது அவருக்காகத்தான். அந்த நம்பிக்கையைத்தான் கம்பெனி விலைக்கு வாங்கியது. விற்றவர் அவர்.

சீட்டு நமக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டிலும் கிளப் திண்ணையிலும் இருபத்தெட்டு ஆடாத ஊர் இந்தப் பக்கம் இல்லை. தோற்றவன் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும்; அடுத்த ஆட்டம் ஜெயிக்கிறவரை அதோடு உட்கார வேண்டும்; சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். தோல்விக்கு அவ்வளவுதான் விலை. எதிரே இருப்பவர் யார், அவர் எப்படி ஆடுவார், எப்போது எழுந்து போவார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். போனுக்குள் வந்த மேசையில் இது ஒன்றும் இல்லை. எதிரே யார் என்று தெரியாது. எழுந்து போ என்று சொல்ல ஆள் இல்லை. காதில் தொங்க வேண்டிய குணுக்கு வங்கிக் கணக்கில் தொங்குகிறது.

'போக்கர் திறமையாட்டம்' என்பதுதான் தூதர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம். அதை மறுக்கப் போவதில்லை. கையில் இருக்கும் சீட்டு, மேசையில் விழும் சீட்டு, எதிராளியின் பந்தயம் ஆகியவற்றை வைத்து நிகழ்தகவு கணக்குப் போட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் உழைத்துக் கற்றவர்கள். அவர்களை இங்கே ஏசவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அதன் முடிவுவரை கொண்டுபோய்ப் பாருங்கள். மேசையில் புதிதாகப் பணம் விளைவதில்லை. ஒருவர் ஜெயிப்பது இன்னொருவர் தோற்றதை. அதிலும் ஒவ்வொரு கைக்கும் அல்லது ஒவ்வொரு நுழைவுக் கட்டணத்துக்கும் நடத்துகிறவர் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துவிடுகிறார். ஆகவே திறமையாட்டம் என்றால், திறமை இல்லாதவனின் பணம் திறமை உள்ளவனுக்கும் கம்பெனிக்கும் போகும் ஆட்டம் என்று பொருள். புதியவர்கள் வந்துகொண்டே இருந்தால்தான் பழையவர்களுக்கு வருமானம். அந்தப் புதியவர்களை அழைத்துவருவதற்குத்தான் தூதருக்குச் சம்பளம். இது தெரியாமல் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் இருக்கவே முடியாது.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லவில்லை. ஸ்பான்சர் செய்யப்பட்ட ஆட்டக்காரருக்குப் போட்டிக் கட்டணத்தைக் கம்பெனி கட்டும். பயணச் செலவும் தங்கும் செலவும் கம்பெனியுடையது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் அளவு மாறலாம், ஏற்பாடு இதுதான். தோற்றால் அவர் வீட்டில் உலை கொதிப்பது நிற்காது. அப்படிப்பட்டவர் கேமராவைப் பார்த்து, 'நானும் ஆடுகிறேன், நீங்களும் ஆடுங்கள்' என்றார். காட்டாக்கடையில் கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, போனைத் திறந்த இருபது வயதுப் பையன் ஆடியது அந்த ஆட்டத்தையா? அவன் கட்டியது சொந்தக் காசு, அல்லது கடன். இரண்டையும் ஒரே ஆட்டமாகக் காட்டியதுதான் முதல் பொய்.

இந்த வியாபார முறை 2003-இல் உலகத்துக்குத் தெரிந்தது. லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர் வென்றார். இணையத்தில் 86 டாலர் கட்டி நுழைந்தவருக்குப் பரிசு 25 லட்சம் டாலர். போக்கர்ஸ்டார்ஸ் அவரையே தூதராக்கியது. 2020 கடைசி வரை அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். 2003-இல் 839 பேர் ஆடிய அதே போட்டியில் 2006-இல் 8,773 பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் மணிமேக்கரைப் பார்த்து வந்தவர்கள். ஆனால் 2003-இல் பரிசு வாங்கியவர்கள் 63 பேர் மட்டுமே. மற்ற 776 பேர் வெறுங்கையோடு எழுந்து போனார்கள். தோற்றதற்காக எந்தக் கம்பெனியும் யாரையும் தூதராக்குவதில்லை.

நம் எல்லையில் இந்தக் கதை சட்டப் புத்தகத்துக்குள்ளும் புகுந்து குழம்பியது. கேரள அரசு 2021 பிப்ரவரியில் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்து அறிவிக்கை போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், சட்டமன்றத்தில் மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது என்று இழுத்து, 2023 ஏப்ரலில் ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலில் ஏறின. நவம்பரில் நீதிமன்றம் அவ்விரண்டையும் பட்டியலிலிருந்து இறக்கியது. 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாடு விதி போட்டது. ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஆக, பனச்சமூட்டுச் சந்தையில் நிற்கிறவன் ரோட்டைக் கடந்தால் ஒரு சட்டம், கடக்காவிட்டால் இன்னொரு சட்டம். விளம்பரம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஓடியது. ஒரே முகம், ஒரே சிரிப்பு.

நீதிமன்றங்கள் எச்சரிக்காமல் இல்லை. 2020 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்த விளம்பரங்களில் தோன்றிய கிரிக்கெட் வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விராட் கோலிக்கும் தமன்னாவுக்கும் அஜு வர்கீஸுக்கும் அனுப்பியது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நம்முடைய காட்டாக்கடை தாலுகாவில் ஓர் இளைஞர் ஆன்லைன் ரம்மியில் 20 லட்சத்துக்கு மேல் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டார். பெயர் வேண்டாம், அந்த வீட்டார் பட்டது போதும். போக்கர் தூதர்கள் 'அது ரம்மி, இது போக்கர்' என்று ஒதுங்க முடியாது. நீதிமன்றத்தில் இரண்டும் ஒரே தோணியில் ஏறித்தான் வாதாடின.

2022 ஜூலையில் எம்.எல்.ஏ. கே.பி.கணேஷ்குமார் கேரளச் சட்டமன்றத்தில் நடிகர்களின் பெயரைச் சொல்லியே கேட்டார். அமைச்சர் வி.என்.வாசவன், அவர்கள் மனதில் மாற்றம் வர வேண்டும் என்ற வகையில் பதில் சொன்னார். அந்த மாற்றம் ஒருவரிடம் வந்தது. நடிகர் லால், கொரோனாக் காலப் பணமுடையில் ஒப்புக்கொண்டதாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். இனி இப்படிப்பட்ட விளம்பரத்தில் நடிப்பதில்லை என்றார். அவர் செய்தது முழுத் திருத்தம் அல்ல. ஆனாலும் வெளியே வந்து சொன்னார். அவரைவிடப் பல மடங்கு புகழும் பணமும் உள்ளவர்களுக்கு இது ஏன் முடியவில்லை?

'அப்போது சட்டப்படி சரியாகத்தானே இருந்தது' என்று அவர்கள் சார்பில் சொல்லப்படுகிறது. சட்டம் தடுக்காததெல்லாம் தகும் என்பது, முகத்தை நம்பி வந்தவனிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல. அது முழு உண்மையும் அல்ல. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2020 டிசம்பர் முதலே வழிகாட்டு நெறி வைத்திருந்தது: இந்த ஆட்டங்களை வருமான வழியாகவோ வேலைக்கு மாற்றாகவோ காட்டக்கூடாது; பண நஷ்டமும் அடிமையாகும் அபாயமும் உண்டு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நடந்தது என்ன? நட்சத்திரம் நிதானமாக, அழகாகப் பேசுவார். கடைசியில் அந்த எச்சரிக்கையை யாரோ ஒருவர் மூச்சு விடாமல் உருட்டித் தள்ளுவார். அவ்வளவு முக்கியமான வாக்கியத்தைத் தூதரின் வாயால் சொல்ல வைத்திருக்கலாம். சொல்ல வைக்கவில்லை. சொல்கிறேன் என்று அவர்களும் கேட்கவில்லை.

மன்னிப்பு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் உலகத்திலேயே சான்று இருக்கிறது. ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளம் ஹோவர்ட் லெடரர், கிறிஸ் ஃபெர்குசன் போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பெயரில்தான் வளர்ந்தது. அவர்கள் அதன் இயக்குநர்களும்கூட. 2011 மார்ச் கடைசி நிலவரப்படி, ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது 6 கோடி டாலர் என்று அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. லெடரர் மன்னிப்புக் கேட்டது 2016-இல். ஃபெர்குசன் 2018-இல். அத்தனை வருஷம் கழித்து வந்த வார்த்தைக்கு அவர்களுடைய சமூகத்திலேயே பெரிய மதிப்பில்லை.

இங்கேயும் அமலாக்கத்துறை கதவைத் தட்டத் தொடங்கிவிட்டது. 1எக்ஸ்பெட் பந்தய வழக்கில் 2025 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவான் ஆகியோரின் 11.14 கோடி ரூபாய்ச் சொத்துகளை அது முடக்கியது. வழக்கு முடியட்டும், குற்றமா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லட்டும். அதிகாரி வந்து கேட்ட பிறகு பேசுவதற்கும், தானாக முன்வந்து பேசுவதற்கும் உள்ள தூரம் மற்றவர்களுக்கு இப்போதாவது புரிய வேண்டும்.

கேரள அரசுக்கும் ஒரு வார்த்தை. 1967-இல் லாட்டரித் துறை தொடங்கியது நீங்கள். 2003 முதல் லாட்டரி இல்லாத தமிழ்நாட்டிலிருந்து பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் லாட்டரிச் சீட்டு வாங்க வருகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். ஆன்லைன் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் பேசும்போது குரல் தணிவது அதனால்தானா என்று ஊர் கேட்கிறது. அதைத் தனியாக எழுதுவோம்.

இப்போது கேட்பது இது. போக்கர், ரம்மி நிறுவனங்களுக்குத் தூதராக இருந்த ஒவ்வொருவரும், எந்த ஊடகத்தில் அழைத்தார்களோ அதே ஊடகத்தில், அதே அளவுக்கு, தமிழிலும் மலையாளத்திலும் சொல்ல வேண்டும்: நாங்கள் காட்டியது ஜெயித்தவர்களை மட்டும், தோற்றவர்களை மறைத்தோம், எங்கள் கட்டணத்தைக் கம்பெனி கட்டியது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதை வெளியிட வேண்டும். வாங்கிய தொகையில் ஒரு பங்கையாவது, சூதுப் பழக்கத்திலிருந்து மீட்கும் அரசு மனநல மையங்களுக்குக் கொடுக்க வேண்டும். சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தீர்ப்பு எப்படி வந்தாலும் மறுபடி அந்தச் சட்டையைப் போடமாட்டோம் என்று இப்போதே அறிவிக்க வேண்டும். புதிய சட்டத்தில் இவ்வகை விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. அதற்குப் பயந்து ஒதுங்குவது திருத்தம் ஆகாது.

வாசகர்களுக்கு: கம்பெனிகள் மூடிய இடத்தில் வெளிநாட்டுத் தளங்கள் டெலிகிராம் வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பணம் போடாதீர்கள், யார் முகம் அதில் இருந்தாலும். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வீட்டில் யாராவது கடனை மறைத்து, தூங்காமல், போனோடு ஒதுங்கி இருந்தால் ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் அவரைப் பேச வையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை.