தவறவிடும் உரிமை

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில், வெளியே பார்க்க ஜன்னலில்லாத அறைகளோடு ஓர் ஓட்டல் இருந்தது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் திரை, திரையில் விண்வெளி. ‘ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் ஸ்டார்குரூசர்’ என்று பெயர். 2022 மார்ச் 1 அன்று திறந்தார்கள். 2023 செப்டம்பர் கடைசியில் மூடிவிட்டார்கள். நூறு அறைகள். இரண்டு இரவுக்கு, இரண்டு பேருக்கு, ஏறத்தாழ 4,800 டாலர். சாப்பாடு அதில் சேர்த்தி.

விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். பலரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் கதைக்குள் ஆட்களைக் குடியேற்றிப் பார்க்கும் ஆசை கதை எழுதுகிற எல்லோருக்கும் உண்டு. அதை இத்தனை பணம் கொட்டிச் செய்து பார்த்தவர்கள் குறைவு. அதனால் இந்தத் தோல்வி நமக்கும் வேண்டிய விஷயம்தான்.

அங்கே போகிறவர் ‘ஹால்சியன்’ என்ற விண்கப்பலின் பயணி. உள்ளே நுழைவதே, விண்கலத்தில் ஏறிக் கப்பலைப் பிடிப்பதுபோல அமைக்கப்பட்டிருந்தது. கப்பலில் ஒரு பெண் கேப்டன், அவரை மிரட்ட வந்திருக்கும் ராணுவ அதிகாரி, விருந்து நேரத்தில் பாடும் பாடகி. யார் பக்கம் சேர்வது என்பது பயணியின் இஷ்டம். சேர்ந்த பக்கத்துக்குத் தக்கபடி ரகசிய வேலைகள் வரும். இரண்டாம் நாள் இரவு நடுக்கூடத்தில் ஒளிவாள் சண்டை, அத்தோடு கதை முடியும்.

ரகசிய வேலைகளைப் பெரும்பாலும் தந்தது கைபேசிச் செயலி. சிக்கல் அங்கேதான். யூடியூபர் ஜென்னி நிக்கல்சன் சொந்தக் காசில் போய்வந்து, 2024 மே மாதம் நான்கு மணி நேரக் காணொளி ஒன்றை வெளியிட்டார். செயலி அவரைக் கதைக்குள் சரியாகச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பாடகி பாடிய விருந்தில் அவருக்குக் கிடைத்த மேசையிலிருந்து பார்த்தால், மேடையை ஒரு தூண் மறைத்தது. அந்தத் தூணைப் பற்றி உலகமே பேசியது.

நாங்கள் யோசிப்பது தூணைப் பற்றியல்ல. எந்த நாடகத்திலும் யாராவது ஒருவருக்கு எதையாவது மறைக்கத்தான் செய்யும். பஞ்ச்டிரங்க் குழுவின் ‘ஸ்லீப் நோ மோர்’ நியூயார்க்கில் 2011 முதல் 2025 ஜனவரி வரை நடந்தது. இடத்தின் பெயர் மெக்கிட்ரிக் ஓட்டல் (பெயர்தான் ஓட்டல், ராத்தங்க முடியாது). முகமூடி போட்ட பார்வையாளர்கள் மாடி மாடியாக அலைவார்கள். ஓர் அறையில் நிற்கிறவருக்கு இன்னோர் அறையில் நடப்பது தெரியாது. தெரியாமல் போனதுதான் வெளியே வந்தபின் பேச்சு: ‘நீ என்ன பார்த்தே?’ அங்கே தவறவிடுவது கதையின் பகுதி. 4,800 டாலர் கொடுத்தவருக்கோ தவறவிடுவது நஷ்டம். கட்டணம் ஏற ஏற, ஒவ்வொரு பயணியும் கதாநாயகனாகியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் ஏறுகிறது. இருநூறு முந்நூறு கதாநாயகர்களை ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு யார்தான் கதை சொல்ல முடியும்?

1973இல் மைக்கேல் கிரைட்டன் எடுத்த ‘வெஸ்ட்வேர்ல்டு’ படத்தில் இப்படியொரு கேளிக்கை விடுதிக்கு நாளொன்றுக்கு ஆயிரம் டாலர். அங்கே இயந்திர மனிதர்கள் விருந்தாளிகளைக் கொன்றார்கள். ஃபுளோரிடாவில் கணக்குப்பிள்ளைகள் ஓட்டலைக் கொன்றார்கள்.

அடுத்த கதை ஓட்டல் வரத்தான் போகிறது. செயலிக்குப் பதில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவருவார்கள் என்று ஊகிக்கிறோம். அது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும், நேற்று அவர் சொன்ன பொய்யை இன்று நினைவூட்டும். ஆளுக்கொரு தனிக் கதை கிடைக்கும். அப்புறம் காலைச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்காரரிடம் பேச என்ன இருக்கும்? ஸ்டார்குரூசருக்குப் போய்வந்த பலர் கொண்டாடியது திரைகளை அல்ல. வசனத்தை விட்டு இறங்கிவந்து, ஒரு குழந்தையின் குறுக்குக் கேள்விக்கும் பாத்திரத்தின் குரலிலேயே பதில் சொன்ன நடிகர்களை.

இருபது அறை போதும். விலை சாதாரண ஓட்டல் அளவில் இருக்கட்டும். கட்டடக்காரருக்கு முன்னால் நாடகக்காரரைக் கூப்பிடட்டும். நடிகர்களுக்கு நல்ல சம்பளம் கொடுக்கட்டும். கதையைக் கவனிக்காமல் மத்தியானம் முழுக்கத் தூங்குகிறவரையும் கதைக்குள் ஓர் ஆளாக வைத்துக்கொள்ளட்டும். பெரிய கம்பெனிகள் எதுவும் இதற்குத் துணியாது என்பதே எங்கள் கணிப்பு. சிறிய நாடகக் குழுக்கள் துணியலாம்.