ஒரு தாளைப் பார்க்காதீர்கள், கோப்பைப் பாருங்கள்

போன ஐப்பசியில் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, காலமானார். வயது 58. உப்பளத்தில் கணக்கு எழுதியவர். கல்லீரல் சுருக்க நோய், லிவர் சிரோசிஸ். குடிப்பழக்கம் கிடையாது, சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் பல வருடம் சேர்ந்து செய்த வேலை. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் மனதில் வேறு நினைத்துக்கொண்டார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு, "அத்தான், மஞ்சக்காமாலை எறங்கிட்டு. இனி பயமில்ல" என்றார். பிலிரூபின் 6-இலிருந்து 3-க்கு வந்திருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். அதே தாளில் வெள்ளையணு எண்ணிக்கை 9,800 என்று இருந்தது. 4,000 முதல் 11,000 வரை சரி என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவருடைய தாள்களை எல்லாம் தேதி வாரியாக அடுக்கினேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு கட்டிய கை, சும்மா இருக்காது. முந்தைய இரண்டு வருடத்தில் அவருடைய வெள்ளையணு 3,000-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். 3,000 உள்ளவருக்கு 9,800 என்றால் மூன்று மடங்கு. தாள் 'சரி' என்றது. கோப்பு 'தீ' என்றது.

அதே தாளில் நியூட்ரோஃபில் 86, லிம்போசைட் 9. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒன்பதுக்கு மேல். நல்ல உடம்பில் இது பெரும்பாலும் 3-க்குள் இருக்கும். சி.ஆர்.பி. 41, இரண்டு வாரம் கழித்து 46. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி புகுந்திருந்தது. காய்ச்சல் இல்லை, லேசான வலிதான். பேச்சு குழம்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இந்த எண்கள் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 8 ஐரோப்பிய நாடுகளில் 1,343 நோயாளிகளைக் கவனித்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், திடீரென்று நிலைமை மோசமானவர்களுக்கு வெள்ளையணுவும் சி.ஆர்.பி.யும் கூடுதலாக இருந்தன. அதிலிருந்து அவர்கள் அமைத்த ஆபத்து மதிப்பெண்ணில் வயதும் வெள்ளையணுவும் இடம்பெற்றன. பிரான்சின் பெசான்ஸோன் நகர மருத்துவர்கள் 2012-இல் இன்னொன்று சொன்னார்கள்: நோய் முற்றியவர்களில், சி.ஆர்.பி. முதல் நாளும் 29-க்கு மேல், பதினைந்தாம் நாளும் 29-க்கு மேல் என்றால் அடுத்த ஆறு மாதம் ஆபத்து அதிகம். கவனியுங்கள், ஒரு நாள் எண் அல்ல, இரண்டு நாள் எண். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பள்ளியில் படித்தபோது ஸ்டெதஸ்கோப் கண்டுபிடித்தவர் என்று லயென்னெக்கைப் பற்றிப் படித்தோம். சிரோசிஸ் என்று 1819-இல் பெயர் வைத்ததும் அவரே. ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. இருநூறு வருடம் கழித்தும் நாம் மஞ்சள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

"இதையெல்லாம் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், எண்ணை வைத்து ஜாதகம் கணிப்பார்கள்" என்று என் மருமகன் சொல்கிறார். அதில் நியாயம் உண்டு. சி.ஆர்.பி. சாதாரணச் சளிக்கும் ஏறும். அதைத் தயாரிப்பதே கல்லீரல்தான். ஈரல் மிகவும் கெட்டுப்போனால் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமலும் இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை நியூட்ரோஃபிலை ஏற்றும். டெல்லியிலிருந்து ஒருங்கிணைக்கப்படும் ஆசிய மருத்துவர் குழுவின் மதிப்பெண்ணில் வெள்ளையணுவே இல்லை; லாக்டேட் இருக்கிறது. நூறு பேரைப் பற்றிச் சொல்லும் எண், நம் வீட்டு ஒருவரின் ஆயுளைச் சொல்லாது.

அதனால்தான் சொல்கிறேன், இது ஜாதகம் அல்ல, வாசல் மணி. மணி அடித்தால் யார் வந்திருக்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும். வயிற்றில் நீர் உள்ளவருக்கு எண்கள் ஏறினால், ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் 250-ஐத் தாண்டினால் கிருமி என்று உடனே மருந்து தொடங்குவார்கள். சில நாள் முன்னால் அதைச் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம், கையில் ஒரே ஒரு தாள். அவர் என்ன செய்வார்? எங்கள் அலுவலகத்தில் முந்தைய குறிப்பு இல்லாமல் எந்தக் கோப்பும் மேலதிகாரி மேசைக்குப் போகாது. பரிசோதனை நிலையங்கள் இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் போன தடவை எண்ணையும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறதே.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ரூல்டு நோட்டு வாங்குங்கள். தேதி, பிலிரூபின், வெள்ளையணு, நியூட்ரோஃபில், லிம்போசைட், சி.ஆர்.பி. என்று ஆறு கட்டம் போடுங்கள். டாக்டரிடம் போகும்போது தாளோடு அதையும் நீட்டுங்கள். "போன தடவை இவ்வளவு, இப்போது இவ்வளவு, வயிறும் வலிக்கிறது" என்று சொல்லுங்கள்.

என் மைத்துனர் உப்பு மூட்டைக்கு வரவு செலவு தப்பாமல் எழுதியவர். அவர் உடம்புக்குக் கணக்கு எழுத எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.