நாத்தனாரும் ஓரகத்தியும்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், காலேஜில் படித்தது இங்கிலீஷ். குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தமிழ்க் கதைகளை இங்கிலீஷில் எழுதிப் பார்க்கிறாராம். மூன்று இடங்களுக்கு அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்துவிட்டன. "என்ன குறை என்று ஒரு வரி எழுதியிருந்தால் திருத்திக்கொள்வேனே! நோட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா! கூடவே அனுப்பியிருந்த நாலு பக்கங்களையும் படித்தேன். உங்கள் இங்கிலீஷுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கதையில் ஓரகத்திக்கும் நாத்தனாருக்கும் சண்டை. இங்கிலீஷில் இருவருமே 'சிஸ்டர்-இன்-லா' ஆகிவிட்டார்கள்! யார் யாரை ஏசினார்கள் என்பது கடைசி வரையில் விளங்கவில்லை. 'மாங்காய்ப் பூட்டு' வருகிற இடத்தில் 'மாங்கோ லாக்' என்று போட்டிருக்கிறீர்கள். அது மாங்காய் வடிவத்தில் செய்த பூட்டு என்பது உங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். லண்டனில் இருக்கும் வாசகியோ, மாங்காயைத் திருட்டுப் போகாமல் பூட்டி வைக்கிற பூட்டு என்றல்லவா நினைப்பாள்?

சிரிப்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நான் முதன்முதலில் ஓர் இங்கிலீஷ் நாவலைத் தமிழாக்கியபோது, 'ஆன்ட்' வந்த இடமெல்லாம் 'அத்தை' என்று போட்டுக்கொண்டே போனேன். கடைசி அத்தியாயத்தில் பார்த்தால், அவள் கதாநாயகியின் தாயாருக்கு அக்கா! அதுகூட என் கண்ணில் படவில்லை. பென்சிலும் கையுமாக, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்த ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இந்தப் பெரியம்மா எப்போது அத்தையானாள்?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் 'ஆன்ட்' என்று கண்டால் எனக்குக் கை நடுங்கும்.

உங்கள் ஊரில் பெஸ்கி இல்லம் இருக்கிறதல்லவா? 1680-ல் இத்தாலியில் பிறந்து, நமக்கு வீரமாமுனிவர் ஆனவரின் பெயர் அது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730-ல் லத்தீனில் ஆக்கியவர். அவ்வளவு பெரிய பண்டிதரும் சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்று சொல்வார்கள்.

இந்தக் காலத்தில் கவிராயருக்கு எங்கே போவது? வெளிநாடுகளில் சங்கங்களே அந்த ஏற்பாட்டைச் செய்கின்றன. இங்கிலாந்தில் டானியல் ஹான் என்ற மொழிபெயர்ப்பாளர் 2010-ல் ஒரு திட்டம் தொடங்கினார். புதியவர் ஒருவருக்கு அனுபவசாலி ஒருவர் ஆறு மாதம் துணை. இப்போது நார்விச் நகரிலுள்ள தேசிய எழுத்து மையம் அதை நடத்துகிறது. அமெரிக்க இலக்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கமும் 2015 முதல் இப்படிச் செய்கிறது. நேரில் போய் உட்கார வேண்டும் என்பதில்லை. தொலைவில் இருந்தபடியே பக்கங்களை அனுப்பிப் பேசிக்கொள்ளலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்தெந்த பாஷைக்கு இடம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். தமிழ் இல்லையென்றால் அடுத்த வருஷம் பாருங்கள்.

கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். எழுதியதை அழிக்கலாம், டாக்டரிடம் சொன்ன சொல்லை அழிக்க முடியுமா?

நம் நாட்டில் சாகித்ய அகாதெமி 1989 முதல் மொழிபெயர்ப்புக்குப் பரிசு தருகிறது. சந்தோஷம்தான். ஆனால் பரிசு, புத்தகம் வந்த பிறகு. கையெழுத்துப் பிரதியோடு தவிக்கிறபோது பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்? இங்குள்ள எழுத்தாளர் சங்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?

விண்ணப்பம் போடுமுன், கதாசிரியரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவர் காலமாகி 60 வருஷம் ஆகவில்லையென்றால், வாரிசுகளைக் கேட்க வேண்டும். அது வரையில், ஓய்வு பெற்ற இங்கிலீஷ் ஆசிரியை யாராவது உங்கள் தெருவில் இருந்தால், ஒரு டம்ளர் காபியோடு உட்கார வைத்து, தமிழை அவர் கையில் கொடுத்துவிட்டு உங்கள் இங்கிலீஷை உரக்கப் படியுங்கள். முதலில் அந்தச் சண்டைப் பக்கத்தைப் படியுங்கள். ஓரகத்தி யார், நாத்தனார் யார் என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால், எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.